புருவத்தில் ஒரு கீறல்

பொம்மை எதுவானாலும் முகத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் கணுக்கால். நிற்கிற பொம்மையின் எடை முழுவதும் அங்கேதான் இறங்கும். கணுக்கால் தளர்ந்திருந்தால் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு கோடைக்குள் சாய்ந்துவிடும். பிறகு முழங்கால், இடுப்பு, தோள். இரண்டு பாதியாக வார்த்து ஒட்டிய இடத்தில் கோடு தெரிகிறதா, உடையின் நிறம் தோலின் மேல் வழிந்திருக்கிறதா, துணியில் தைத்த மேலங்கியின் ஓரம் நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மேலே போவேன். முகம் ஆளை மயக்கிவிடும். அதைப் பார்த்துவிட்டால் கணுக்காலை யாரும் பார்ப்பதில்லை.

புதுக்கோட்டையில் ராஜ வீதிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பல் லேப்பில் வேலை செய்கிறேன். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செட்டும் கேப்பும் செய்வது எங்கள் வேலை. நாள் முழுக்கக் கண்ணில் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பல்லின் மஞ்சளைப் பக்கத்துப் பல்லின் மஞ்சளோடு பொருத்திப் பழகிய கண் எனக்கு. அந்தக் கண்ணோடு பொம்மைகளைப் பார்க்க ஆரம்பித்தது முதல் சம்பளத்தில். சேகரிப்பவர்களுக்கென்று செய்கிற சூப்பர் ஹீரோ பொம்மை ஒன்றை வாங்கி வந்தேன். அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கல்யாணம் பண்ணி பிள்ளைக்கு வாங்க வேண்டியத இப்பவே வாங்கிட்டா" என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். பிறகு ஒரு அலமாரி நிறைந்தது. போனில் ஒரு குழு சேர்ந்தது. வாங்கியவர்கள் படம் எடுத்து அனுப்புவார்கள். அசலா, நகலா, குறை ஏதும் உண்டா என்று பார்த்து எழுதுவேன். குழுவில் பெரும்பாலும் ஆண்கள். நான் பெண் என்று தெரிந்ததும் சிலர் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள், சிலர் அதிகமாகக் கேட்டார்கள்.

அன்றைக்கு மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தபோது, குழுவில் அதிகம் பேசாத ஒருவர் தனியாக எனக்குச் சில படங்கள் அனுப்பியிருந்தார். மணமேல்குடிப் பக்கம், கடலோர ஊர்க்காரர். ஓரடி உயரப் பொம்மை. கருநீல உடை, சாம்பல் நிறத் துணி மேலங்கி. முகமூடி போட்டுப் பறக்கிற வீரன்தான், ஆனால் முகமூடி இல்லாத தலை பொருத்தியிருந்தது. கேள்வி ஒன்றே ஒன்று: இது கம்பெனியிலிருந்து இப்படியே வருவதா, இல்லை யாராவது தனியாகச் செய்து கொடுத்ததா?

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பெனி பொம்மைதான், நல்ல பொம்மை என்று எழுதினேன். இடது புருவத்தில் மட்டும் பெயிண்ட் விட்டுப்போயிருக்கிறது, வாங்கி அதிக நாள் ஆகவில்லையென்றால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள் என்றும் எழுதினேன். தினமும் எழுதுகிற மாதிரியான பதில். எழுதிவிட்டு மறந்துபோனேன்.

சாயங்காலம் அதே எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது ஒரு பெண்.

"அக்கா, நீங்கதான் பொம்மையப் பாத்துச் சொன்னவங்களா?"

"ஆமாம்மா."

"புருவத்துல இருக்கிறது குறைன்னு எழுதியிருந்தீங்களாம். படம் அனுப்புன எங்கண்ணன் படிச்சுக் காமிச்சுச்சு. அது குறை இல்லக்கா. எங்க வீட்டுக்காரவுகளுக்கு அந்த எடத்துல அப்படித்தான் இருக்கும்."

எனக்குப் புரியவில்லை. அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கணவர் வளைகுடா நாட்டில் ஒரு கிடங்கில் வேலை. ஒரு நாள் காலையில் அறையில் இருந்தவர்கள் எழுப்பியிருக்கிறார்கள், எழுந்திருக்கவில்லை. உடலைக் கொண்டுவர முடியாமல் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கடைசியாக எடுத்த முகத்தின் படம் ஒன்று மாமனாரின் போனுக்கு வந்தது. அப்போது அவள் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பிறகு கேட்டபோது அழித்துவிட்டேன் என்றார் மாமனார். எல்லாம் அடங்கிய பிறகு கப்பலில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி வந்தது. மவுத்துக்கு, அதாவது சாவுக்கு, முன்பு அவரே கட்டி அனுப்பியது. போர்வை, பால் பவுடர், சோப்பு, மகளுக்கு ஒரு ஜோடி ஷூ. அடியில் இந்தப் பொம்மை.

"பெட்டியப் பிரிச்சதும் எம்மக 'அத்தா'ன்னுச்சுக்கா, அப்பாவ அப்படித்தான் கூப்பிடும். நான் ஒன்னுமே சொல்லல. அதுவாச் சொல்லுச்சு. எனக்கும் பாத்த ஒடனே ஒடம்பெல்லாம் நடுங்கிருச்சு. எல்லாரும் ஒனக்குத்தான் அப்படித் தெரியுதுங்கிறாக. நீங்க நேர்ல வந்து பாத்துச் சொல்லுவீங்களா? ஆம்பளைக யாரையும் கூப்பிட்டுக் காட்ட முடியாது. நான் இத்தாவுல இருக்கேன்."

கணவரை இழந்த பெண் சில மாதங்கள் வீட்டை விட்டு வெளியே போகாமல், வெளி ஆண்களைப் பார்க்காமல் இருக்கும் காலம் அது. எங்கள் லேப்பில் கூட வேலை பார்க்கும் பெண் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு அந்தப் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். மதியம் அது ஒரு பெயிண்ட் குறை. இப்போது ஒரு மனிதனின் புருவம். என் அலமாரியில் வரிசையாக நின்ற பொம்மைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கியில் பஸ் மாறிப் போனேன். அவளுடைய அண்ணன் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தார். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான், "தங்கச்சி சரியாச் சாப்பிடுறதில்ல. உள்ளதச் சொல்லிருங்க" என்றார்.

மாடி வைத்த வீடு. கடல் கண்ணில் படவில்லை, ஆனால் கருவாட்டு வாடை தெரு முழுக்க இருந்தது. முன்கூடத்தில் மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடும் வேலை பார்த்தவர் என்று பிறகு தெரிந்தது. தோள் இன்னும் அகலமாக இருந்தது.

"வாங்கம்மா. ரொம்பத் தூரம் அலைய வச்சுட்டோம்."

"பரவாயில்ல பாய்."

"ஒன்னே ஒன்னு மட்டும் எனக்குத் தெரியணும். பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டேன். பிள்ளை வெளையாடுற பொம்மைன்னா வச்சுக்கங்கன்னாரு. மவுத்தானவன் மாதிரி உருவம் செஞ்சதுன்னா வீட்டுல வைக்கக் கூடாதுன்னாரு. இது எது? எங்களுக்குப் பாத்தா தெரியல."

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி உள்ளே போனேன். பொம்மைகளைப் பற்றி இதுவரை நான் சொன்ன எந்தத் தீர்ப்புக்கும் இப்படி ஒரு கனம் இருந்ததில்லை.

அறையில் ஜன்னல் திரை இழுத்து விட்டிருந்தது. அவள் வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் சுற்றிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். தரையில் ஒரு பாயில் அவளுடைய மகள், நாலு வயதிருக்கும், விரலைச் சப்பிக்கொண்டு தூங்கத் தொடங்கியிருந்தாள். மேசை மேல் அந்தப் பொம்மை, கண்ணாடி போலிருந்த அதன் பீடத்தில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

"நான்தாங்க்கா திருப்பி வச்சேன். ஆனா திரும்பிருது."

"எப்படி?"

"சுவரப் பாக்க வச்சுட்டுப் படுப்பேன். மதியம் எந்திருச்சுப் பாத்தா பிள்ளை பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிது. பிள்ளை தொடலக்கா, அது எங்கூடத்தான் தூங்குது. வேற யாரும் இந்த ரூமுக்குள்ள வர்றதில்ல."

அவள் அதை எந்த அழுத்தமும் இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கதை சொல்கிறவர்களின் குரல் இல்லை அது. காலையில் பால் வந்தது என்று சொல்வது போல இருந்தது.

நான் என் வழக்கப்படி கணுக்காலில் தொடங்கினேன். கணுக்கால் உறுதி. பீடத்தில் இருந்த சின்ன முளை வலது பாதத்தின் துளைக்குள் போக வேண்டும். துளை கொஞ்சம் பெரிதாக இருந்தது. பொம்மை விழாது, ஆனால் அந்த முளையின் மேல் சுழலும். மேலங்கியின் ஓரத்தில் கம்பி வைத்துத் தைத்திருந்தது, காற்றில் பறப்பது போல விரித்து வைப்பதற்காக. அது விரிந்துதான் இருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"படுக்கும்போது ஃபேன் போடுவியாம்மா?"

"ஆமா. பிள்ளைக்கு வேக்குமே."

"இப்பப் போடு."

அவள் எழுந்து போட்டாள். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். முதலில் மேலங்கி மட்டும் அசைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, யாரோ தோளில் கை வைத்துத் திருப்புவது போல, மிக மெதுவாக அந்தப் பொம்மை சுவரிலிருந்து விலகத் தொடங்கியது. காது தெரிந்தது. கன்னம் தெரிந்தது. பிறகு புருவம். பாய் இருந்த பக்கம் வந்ததும் காற்றின் போக்கில் மேலங்கி மடங்கி, அது நின்றுவிட்டது.

காரணம் எனக்குத் தெரியும். துளை பெரிது, துணியில் காற்று பிடிக்கிறது, அவ்வளவுதான். அதை அவளுக்குச் சொல்லவும் செய்தேன், முளையையும் துளையையும் காட்டினேன். அவள் தலையாட்டினாள். ஆனால் எங்கள் இருவரில் ஒருவரும் அதைத் தொட்டுத் திருப்ப முன்வரவில்லை. காரணம் தெரிந்த பிறகும் அது அந்தக் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு எந்தப் பக்கமும் நின்றிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஃபேனை நிறுத்தச் சொன்னேன். ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கி, பொம்மையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முகத்தைப் பார்த்தேன்.

இந்தக் காலத்தில் நல்ல பொம்மைகளின் முகத்தைக் கையால் வரைவதில்லை. இயந்திரம் அச்சடிக்கிறது. வெறும் கண்ணுக்குத் தோல் போலவே தெரியும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் செய்தித்தாளில் இருப்பது போல நுண்ணிய புள்ளிகள் தெரியும். கையால் தனியாகச் செய்ததென்றால் புள்ளி இருக்காது, தூரிகையின் இழுப்பு இருக்கும். பல் லேப்பில் வைத்திருக்கும் கண்ணாடியைக் கொண்டுபோயிருந்தேன். கன்னத்தில் புள்ளிகள். நெற்றியில் புள்ளிகள். உதட்டில் சிவப்புப் புள்ளிகள். எங்கோ ஒரு தொழிற்சாலையில் இதே முகம் ஆயிரக்கணக்கில் வந்திருக்கும். யாருடைய முகமும் இல்லை இது.

அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தபோது கண்ணாடி இடது புருவத்துக்கு வந்திருந்தது.

பெயிண்ட் விட்டுப்போகவில்லை. புருவத்தின் குறுக்கே ஒரு கோடு கீறியிருந்தது. அச்சடித்த புள்ளிகள் கீறலின் இரு பக்கமும் அறுபட்டு நின்றன. அப்படியென்றால் முகம் அச்சடித்த பிறகு கீறியது. ஓரங்களில் பிளாஸ்டிக் மெலிதாக எழும்பியிருந்தது, ஊசி போன்ற கூரான எதையோ வைத்து அழுத்தி இழுத்தால் எழும்புவது போல. பெட்டிக்குள் உரசி விழுந்த கீறல் இப்படி இருக்காது. கீறலுக்குள் லேசான பழுப்பு நிறம் பூசியிருந்தது. அங்கே புள்ளிகள் இல்லை. யாரோ கையால் தடவியது.

பொம்மையைத் தலைகீழாகத் திருப்பினேன். கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று பாதத்தின் அடியைப் பார்ப்பது வழக்கம். இடது காலணியின் அடியில் சின்னச் சின்னக் கீறல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதல் ஒன்றிரண்டு கோணல். ஒன்று ரொம்ப ஆழம். அப்புறம் வந்தவை சீராக, ஒரே நீளத்தில் இருந்தன. கடைசி ஒன்றில் மட்டும் பழுப்பு நிறம் பூசிப் பார்த்திருந்தது.

முகத்தில் கை வைப்பதற்கு முன்னால் அவள் கணவர் யாரும் பார்க்காத இடத்தில் பழகிப் பார்த்திருக்கிறார்.

என் கையில் இருந்த பொம்மை சட்டென்று வேறு எடையாகிவிட்டது. வளைகுடாவில் அவரோடு அறையில் இருந்த மற்றவர்கள் தூங்கிய பிறகோ, விடுமுறை நாளின் பகலிலோ, கட்டிலில் உட்கார்ந்து இந்தச் சின்னப் பாதத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவர் குனிந்திருப்பது எனக்குத் தெரிந்தது. நான் இப்போது பிடித்திருந்த இடத்தில்தான் அவரும் பிடித்திருக்க வேண்டும். வேறு விதமாக அதைப் பிடிக்க முடியாது.

அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். முகம் கம்பெனி முகம். அவருடைய முகம் இல்லை. அவர் யாரிடமும் சொல்லிச் செய்ததும் இல்லை. ஆனால் புருவத்தில் இருப்பது குறை இல்லை, அவர் கையால் போட்டது. பாதத்தைக் காட்டினேன். கண்ணாடியை அவள் கண்ணில் பிடித்தேன்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பிள்ளைக்கு அவுகள போன்லதாங்க்கா தெரியும்," என்றாள். "பொறந்த பெறகு ஒருவாட்டிதான் வந்தாக. வீடியோவுல வந்தா எம்மக அந்தத் தழும்பத்தான் தொட்டுத் தொட்டுப் பாக்கும். அத்தா எப்ப வருவீகன்னா, பறந்து வருவேன்னு சொல்லுவாக." கண்ணாடியைக் கீழே வைத்தாள். "அதுக்காகப் போட்டிருப்பாக. அடையாளம் தெரியணும்னு."

அழவில்லை. பொம்மையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

மாமனாரிடம் அவளே சொல்கிறேன் என்றாள். அறைவாசல் திரைக்கு வெளியே நின்று குரல் கொடுத்துவிட்டு அவர் உள்ளே வந்தார். அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே பொம்மையை வாங்கினார். அகலமான உள்ளங்கையில் அது படுத்துக்கிடந்தது. பெருவிரலால் புருவத்தைத் தடவினார். அந்த விரலுக்கு அவ்வளவு மெல்லிய கீறல் தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஐஸ் சில்லு," என்றார். "நான் ஒடைச்சுக்கிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து நின்னான். தெறிச்சு வெட்டிருச்சு. ரத்தம் நிக்கல. ஐஸையே எடுத்து அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனேன்."

பெருவிரலைப் புருவத்திலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப இது அவன்தாங்கிறீங்களா, பொம்மைங்கிறீங்களா?"

"முகம் பொம்மை முகந்தான் பாய். தழும்பு மட்டும் அவுக போட்டது."

"தன்னையா நெனச்சுத்தானே எம்பிள்ளை போட்டான்." அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. "இவ இதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. சோறு எறங்கல. அந்தப் பச்சப்பிள்ளை அதுக்கு ஊட்டி விடுது. நான் எப்படிம்மா வச்சுக்கச் சொல்லுவேன்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"தலை இல்லாட்டி உருவம் இல்ல, வெறும் கட்டைதான்னு ஹஜ்ரத் சொன்னாரு," என்றார். பிறகு, கேட்கத் தயங்கியவராக, "தலை கழலுமாம்மா?" என்றார்.

கழலும். இந்த வகைப் பொம்மையில் தலை கழுத்தில் ஒரு உருண்டையில் மாட்டியிருக்கும். மாற்றிப் போடுவதற்கென்றே இன்னொரு தலையும் பெட்டியில் வரும். பொம்மையின் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் அது பிரிக்காமல் இருந்தது. முழு முகமூடி போட்ட தலை. கண், மூக்கு, வாய் எதுவும் இல்லாமல் வழவழவென்று கருநீலமாக இருந்தது. இதில் முகமே இல்லை பாய் என்று அதை அவரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு மருமகளைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. நீ வேண்டாம்னா வேண்டாம்."

அவள் தூங்குகிற மகளைப் பார்த்தாள். "அக்காவே கழட்டட்டும்," என்றாள்.

பிளாஸ்டிக் இறுகியிருக்கும்போது இழுத்தால் கழுத்து ஒடிந்துவிடும். சுடுதண்ணீர் வேண்டும் என்றேன். அவளே அடுப்படிக்குப் போய் ஒரு சட்டியில் கொண்டுவந்தாள். என் வீட்டில் ஒரு அலமாரி நிறைய இருக்கும் பொம்மைகளுக்கு இதை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். தலையைத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டு டீ குடித்ததுகூட உண்டு. அன்றைக்கு அந்த முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி, கழுத்து மட்டும் நனையும்படி பிடித்துக்கொண்டேன். கன்னத்தில் ஆவி படிந்து துளியாக இறங்கியது. மாமனார் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் போகவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் தலையைப் பிடித்து மெதுவாகத் திருகுவதைக் கண் இமைக்காமல் பார்த்தாள். கழன்றபோது ஒரு சின்னச் சத்தம் வந்தது. அவள் தன் கழுத்தில் கை வைத்துக்கொண்டாள்.

முகமூடித் தலையை மாட்டி நிறுத்தினேன். முளையில் கொஞ்சம் நூலைச் சுற்றிப் பாதத் துளைக்குள் இறுக்கினேன். இனி காற்றுக்குத் திரும்பாது.

கழற்றிய தலை மேசை மேல் கிடந்தது. ஒரு கொட்டைப்பாக்கு அளவுகூட இருக்காது. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. குப்பையில் போட முடியாது. கடலில் போடலாமா என்று அண்ணன் வாசலிலிருந்து கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். அதைத் தன் கைக்குட்டையில் சுற்றி என் பைக்குள் வைத்தாள்.

"நீங்க கொண்டு போங்கக்கா. தூக்கிப் போட்டுராதீங்க. எனக்கு அனுப்பவும் செய்யாதீங்க."

நான் புறப்படுகிற நேரத்தில் குழந்தை எழுந்துவிட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மேசையைப் பார்த்தாள். "அத்தா மொகமூடி போட்டுட்டாக," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மறுபடியும் அவள் மடியில் படுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் பையை மடியில் வைத்திருந்தேன். அறந்தாங்கியில் இறங்கி மாறும்போது, கூட்டத்தில் யாரும் பையை நசுக்கிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்திருப்பது தெரிந்ததும் உடம்பு சிலிர்த்தது.

அதை என் வீட்டு அலமாரியில் வைக்க மனம் வரவில்லை. லேப்பில் ஒரு இழுப்பறை உண்டு. செய்து முடித்தும் வாங்க வராத பல் செட்டுகளை அதில் போட்டு வைப்போம். வராததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். சிலருடைய வீட்டிலிருந்து போன் வரும், அவர் இல்லை என்பார்கள். சிலரிடமிருந்து போனும் வராது. அக்ரிலிக்கில் செய்த அந்தச் சிரிப்புகள் பெயர் எழுதிய உறைகளில் இருக்கும். இத்தனை வருடத்தில் அந்த இழுப்பறை என்னைத் தொந்தரவு செய்ததே இல்லை. கைக்குட்டையோடு அந்தத் தலையை அதில் வைத்த பிறகுதான் தொந்தரவு தொடங்கியது. வேலைக்கு நடுவில் கை தானாக அந்தப் பக்கம் போகும். திறப்பேன். கைக்குட்டையை விலக்குவேன். முகம் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று பார்ப்பேன். நான் வைத்தபடியேதான் இருக்கும். ஆனாலும் பார்ப்பேன்.

குழுவில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. பதில் எழுதுவதில் நான் மெதுவாகிவிட்டேன். ஒரு பொம்மையின் மோவாயில் புள்ளி, இன்னொன்றின் காதில் சிறு வெட்டு. முன்பானால் குறை என்று ஒரு நொடியில் எழுதியிருப்பேன். இப்போது, இதை வாங்குவதற்கு முன் யாரிடமாவது இருந்ததா என்று கேட்டு எழுதினேன். என்ன ஆச்சு உங்களுக்கு என்று ஒருவர் கேட்டார். கொஞ்ச நாளில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அலமாரியில் இருந்த என் பொம்மைகளில் முகமூடி உள்ளவற்றுக்கெல்லாம் அந்தத் தலைகளை மாற்றிப் போட்டேன். அம்மா அதைக் கவனித்தாள்.

இத்தா முடிந்த பிறகு ஒரு நாள் அவள் புதுக்கோட்டைக்கு வந்தாள். கலெக்டர் ஆபீஸில் ஏதோ சான்றிதழ் வேலை. கறுப்புப் புர்கா, கையில் மகள். லேப் வாசலில் நின்று போன் செய்தாள். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். கொஞ்சம் தேறியிருந்தாள். மகளுக்கு அவர் அனுப்பிய ஷூ போட்டிருந்தது.

"அத ஒருவாட்டி பாக்கலாமாக்கா?"

இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். கைக்குட்டையைப் பிரித்தாள். மூச்சை மெதுவாக விட்டாள். பிறகு மகளின் உயரத்துக்குக் குனிந்து உள்ளங்கையை நீட்டினாள்.

"யாருன்னு பாரு."

குழந்தை பார்த்தாள். தொடவில்லை. கொஞ்சம் பின்னால் நகர்ந்து என் மேசையில் இருந்த பல் அச்சுகளைப் பார்த்தாள், மறுபடியும் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"யாரும்மா இது?"

"அத்தாம்மா."

"இல்ல," என்றாள் குழந்தை. சண்டை போடுகிற குரல் இல்லை, தப்பாகச் சொன்னதைத் திருத்துகிற குரல். "அத்தாவுக்கு மொகம் இல்ல."

அவள் கையை அப்படியே நீட்டி வைத்திருந்தாள். பிறகு விரல்களை மடக்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, "இப்ப எனக்கு மட்டுந்தான் தெரியுது போலக்கா," என்றாள்.

எடுத்துக்கொண்டு போ என்று சொன்னேன். உன் பெட்டியில் அடியில் வைத்துக்கொள், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். அவள் யோசித்தாள். கைக்குட்டையில் மறுபடியும் சுற்றினாள், பிரித்தாள், சுற்றினாள்.

"வேணாம். வீட்டுல இருந்தா நான் இத மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். இது அவுக மொகம் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க. கொஞ்ச நாள் போனா அவுக மொகமே எனக்கு இப்படித்தான்னு ஆயிரும்."

அவளே இழுப்பறையில் வைத்து மூடினாள். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். பிள்ளைக்குத் தாகம் என்றாள், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து குழந்தை எனக்குக் கையாட்டினாள்.

இப்போதும் எப்போதாவது மதிய நேரத்தில் அவளிடமிருந்து போன் வரும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, மாமனாருக்கு முழங்கால் வலி, அண்ணன் மறுபடியும் வெளிநாடு போகப் போவது என்று பேசுவாள். அந்தத் தலையைப் பற்றி மட்டும் கேட்பதே இல்லை. எல்லாம் பேசி முடித்த பிறகு போனை வைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். அவள் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கும். நான் எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து பார்ப்பேன்.

"இருக்கும்மா," என்பேன்.

"சரிக்கா," என்று வைத்துவிடுவாள்.